கல் என்றால் பல கற்கள்: சிங்களம் பயில்வோர் வினாக்கள்

கேள்வி: புத்தகத்துக்குச் சிங்களத்தில் 'பொத' என்று கற்றுக்கொண்டேன். கடைக்கு வந்த ஒருவரிடம் 'பொதகள்' இருக்கின்றன என்றேன்; அவருக்கு விளங்கவில்லை. பன்மைக்கு எந்த விகுதியைச் சேர்க்க வேண்டும், ஐயா?
— கடைச் சிப்பந்தி, ரம்புக்கனை

பதில்: தம்பி, நீர் தேடுகிற விகுதி, உயிரற்ற பொருள்களைப் பொறுத்தவரை, பெரும்பாலும் சிங்களத்தில் இல்லை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளும். நாம் ஒருமைச் சொல்லை மூலமாக வைத்து, அதன்மேல் 'கள்' ஏற்றிப் பன்மையாக்கிப் பழகியவர்கள். அவர்களோ பன்மைச் சொல்லை மூலமாக வைத்து, அதன்மேல் ஓர் ஒலியை ஏற்றி ஒருமையாக்குகிறார்கள். 'பொத்' என்றால் புத்தகங்கள். அதன் இறுதியில் அகரம் ஏறிப் 'பொத' என்றானால் குறிப்பிட்ட ஒரு புத்தகம். 'அக்' ஏறிப் 'பொதக்' என்றானால் ஏதேனும் ஒரு புத்தகம். 'மல்' பூக்கள், 'மல' பூ. 'நம்' பெயர்கள், 'நம' பெயர். 'கம்' கிராமங்கள், 'கம' கிராமம். 'கல்' என்னும் சொல்லை, 'தங்கம்' என்பதில் வரும் மெலிந்த ககரத்தோடு சொல்லிப் பாரும்: நம் காதுக்கு அது ஒற்றைக் கல்லாகவே கேட்கும், சிங்களவர் காதுக்கோ அது கற்குவியல், ஒற்றைக் கல்லுக்கு அவர் 'கல' என்றே சொல்வார். இந்தத் தலைகீழ் மாற்றம் உள்ளத்தில் பதிந்துவிட்டால் பாதிச் சிரமம் தீர்ந்தது.

இன்னொன்றையும் கவனித்துக்கொள்ளும். தமிழெழுத்தில் எழுதினால் ஓசை முழுதாக வராது. 'பொத' என்பதன் தகரத்தை மெலிக்கவும் கூடாது, இரட்டிக்கவும் கூடாது. இரட்டித்தால் 'பொத்த', அது பழத்தோலையும் மரப்பட்டையையும் குறிக்கும் வேறு சொல். அயல்வீட்டுச் சிங்கள நண்பர் ஒருவரைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, அதன்பின் நாவைப் பழக்கும்.

கேள்வி: எல்லாப் பெயர்ச்சொற்களுக்கும் பொருந்தக்கூடிய ஒரே சூத்திரத்தைத் தங்கள் பத்தியில் வெளியிட வேண்டுகிறேன்.
— வாசகர், மாவனெல்லை

பதில்: அப்படி ஒன்று கிடையாது. உண்டென்று எவரேனும் விற்றால் வாங்காதீர்.

கேள்வி: பின்னவலையில் யானை பார்க்க வருகிறவர்களுக்கு இளநீர் விற்கிறேன். 'ஒயே அலி தியெனவா' என்று சொன்னபோது, பக்கத்துக் கடைக்காரர் 'தியெனவா அல்ல, இன்னவா' என்று திருத்தினார். ஆற்றில் யானைகள் இருக்கின்றன என்பதில் என்ன பிழை?
— வியாபாரி, பின்னவலை

பதில்: யானையைக் கல்லோடும் கட்டையோடும் சேர்த்துவிட்டீர், அதுதான் பிழை, ஆனால் அது உம்முடைய குற்றமன்று, நம் இலக்கணம் நமக்குப் பாலோடு ஊட்டிய பழக்கம். தமிழ் இலக்கணம் உலகத்துப் பொருளையெல்லாம் பகுத்தறிவை அளவுகோலாகக் கொண்டு இரண்டாகப் பிரித்தது: மக்களும் தேவரும் நரகரும் உயர்திணை, பசுவும் யானையும் மரமும் மலையும் அஃறிணை. சிங்களமோ உயிரையும் அசைவையும் அளவுகோலாகக் கொண்டு பிரிக்கிறது: மனிதனும் யானையும் தவளையும் எறும்பும் ஒரு பக்கம், கல்லும் ஆறும் புத்தகமும், உயிருள்ளதேயாயினும் நின்ற இடத்தில் நிற்கின்ற மரமும், மறுபக்கம். 'இருக்கிறது' என்னும் நம்முடைய ஒற்றைச் சொல்லுக்கு அங்கே இரண்டு சொற்கள் உள்ளன. உயிர்ப்பிராணிகளுக்கு 'இன்னவா', ஏனையவற்றுக்குத் 'தியெனவா'. ஆகவே 'ஒயே அலி இன்னவா', 'ஒயே கல் தியெனவா'. 1975ஆம் ஆண்டு தாயை இழந்த கன்றுகளுக்காகப் பின்னவலையில் அமைத்த சரணாலயத்தின் யானைகள் மகா ஓயாவில் கூட்டமாக இறங்கி நீராடுகின்ற கரையிலே நின்று இதைக் கற்கிற பாக்கியம் உமக்கு வாய்த்திருக்கிறது. காலையிலும் மாலையிலும் அவை இறங்கும்போது நீரில் கிடக்கும் பாறைகளையும் அவற்றின்மேல் ஏறி நிற்கும் யானைகளையும் மாறி மாறிச் சொல்லிப் பாரும். ஒரு வாரத்தில் நாக்கு தானே பிரித்தறியும்.

பன்மையை நீர் பிழையின்றிச் சொன்னீர் என்பதையும் குறிப்பிட வேண்டும். 'அலியா' ஒருமை, 'அலி' பன்மை. 'நரியா' ஒரு நரி, 'நரி' பல நரிகள். 'கொடியா' ஒரு சிறுத்தை, 'கொடி' பல சிறுத்தைகள். முன்னே கல்லுக்குச் சொன்ன எச்சரிக்கை நரிக்கும் பொருந்தும் என்பது சொல்லாமலே விளங்கும்.

கேள்வி: அப்படியானால் பிராணிகளுக்கெல்லாம் இறுதியை உதிர்த்தால் போதுமா?
— மாணவி, தெரணியகலை

பதில்: போதாது, மகளே. உதிர்ப்பவை சில, ஓகாரம் பெறுபவையே மிகப் பல. 'பல்லா' நாய், 'பல்லோ' நாய்கள். 'குருல்லா' பறவை, 'குருல்லோ' பறவைகள். 'எலுவா' ஆடு, 'எலுவோ' ஆடுகள். தேயிலை மலையில் காலைக் கடிக்கிற அட்டை 'கூடெல்லா', அது கூட்டமாக வந்தால் 'கூடெல்லோ'. மற்றொரு வகுப்பு உகரம் பெற்று, இடையிலுள்ள மெய்யையும் இரட்டித்துக்கொள்ளும்: 'கொனா' எருது, 'கொன்னு' எருதுகள், 'பலலா' பூனை, 'பலல்லு' பூனைகள், 'சதா' பிராணி, 'சத்து' பிராணிகள், 'புதா' மகன், 'புத்து' மகன்மார். எந்தச் சொல் எந்த வகுப்பு என்பதைச் சொல்லின் முகத்தைப் பார்த்து எப்போதும் கணித்துவிட இயலாது. ஆகையால் ஒருமையையும் பன்மையையும் சேர்த்தே ஒரே மூச்சில் மனனம் செய். 'கொனா, கொன்னு' என்பது உனக்கு இரண்டு சொல்லாக இருக்கலாகாது.

கேள்வி: ரயில் நிலையத்தில் 'தெக டிகட்ஸ்' என்று கேட்டேன். தந்தார்கள், ஆனால் அது சரியான பிரயோகமா?
— தோட்டத்து இளைஞர், ரம்புக்கனை

பதில்: தந்தது விற்பனையாளரின் நற்குணம், உமது பிரயோகத்துக்கு அவர் அளித்த நற்சான்றிதழாக அதைக் கொள்ள வேண்டாம். ஆங்கிலத்தின் 'ஸ்' சிங்களத்துக்குள் வருவதில்லை. இரவலாக வந்த உயிரற்ற பொருளின் பெயர், ஒருமையில் 'எக' என்பதைப் பின்னே சேர்த்துக்கொள்ளும். பன்மையில் அதையும் கழற்றிவிடும். 'பஸ் எக' ஒரு பஸ், 'பஸ்' பல பஸ்கள். 'டிகட் எக' ஒரு டிக்கட், 'டிகட்' பல. இங்கேயும் பன்மையே வெறுஞ்சொல்லாக நிற்பதைக் கவனியும். எண்ணோ பெயருக்குப் பின்னால் வர வேண்டும், பெயரும் பன்மையில் இருக்க வேண்டும்: 'மஹனுவரட டிகட் தெகக் தென்ன' என்றால் கண்டிக்கு இரண்டு டிக்கட் தாருங்கள். தமிழில் 'இரண்டு புத்தகம்' என்று எண்ணை முன்வைத்து, பெயரை ஒருமையிலேயே விட்டுவிடுவதற்கு நமக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை ரம்புக்கனைச் சந்தியில் பிரயோகிக்க இயலாது. 'பொத் தெகக்', 'பொத் துனக்', 'பொத் ஹதரக்' என்றே சொல்ல வேண்டும்.

உயிருள்ளவற்றை எண்ணும்போது எண்ணே வேறு உருவம் கொள்ளும்: 'லமயி தென்னெக்' இரண்டு பிள்ளைகள், 'லமயி துன் தெனெக்' மூன்று பிள்ளைகள். பிள்ளைகளை 'தெகக்' என்று எண்ணினால் அவர்களைப் பலகைபோல் எண்ணியதாகும்.

கேள்வி: 'மினிஸ்ஸு' என்றால் மனிதர்கள் என்று அறிவேன். அதிலிருந்து ஒருமையை 'மினிஹா' என்று உருவாக்கி, எங்கள் மலைக்கு வந்த கிராம உத்தியோகத்தரைப் பற்றிப் பேசும்போது 'அர மினிஹா' என்றேன். அவர் முகம் சுளித்தார்.
— மேற்பார்வையாளர், இறக்குவானை

பதில்: சுளித்ததில் நியாயம் இருக்கிறது. இலக்கணப்படி 'மினிஸ்ஸு' என்பதன் ஒருமை 'மினிஹா' என்பது மெய். ஆனால் பன்மையில் பொதுச்சொல்லாக, எவரையும் புண்படுத்தாமல் நிற்கிற அந்தச் சொல், ஒருவரைச் சுட்டி ஒருமையில் வரும்போது 'அந்த ஆள்' என்கிற அலட்சியத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. மரியாதைக்குரிய ஒருவரை 'மஹத்தயா' என்றே சொல்ல வேண்டும். இதுகாலும் தோட்டத்துத் துரைமார் நம்மை ஒருமையில் அழைத்ததன் வேதனையை அனுபவித்து அறிந்த சமூகத்தில் பிறந்த நீர், பிறரை அழைக்கும்போது இரட்டிப்புக் கவனம் கொள்ள வேண்டாமா? அடுத்த முறை அவரைக் காணும்போது வருத்தம் தெரிவித்துவிடும்.

கேள்வி: சிங்களத் தோழி ஒருத்தி 'அக்கலா கெதர' என்றாள். அவளுக்கு ஒரே அக்காதான். 'அக்கலா' பன்மையல்லவா?
— ஆசிரியை, கேகாலை

பதில்: அருமையான கேள்வி, அம்மா. உறவுப்பெயர்களும் சில தொழிற்பெயர்களும் 'லா' பெறும்: 'அம்மலா', 'தாத்தலா', 'மல்லிலா', 'நங்கிலா', இரவலாக வந்த 'டீச்சர்', 'நர்ஸ்', 'கண்டக்டர்' ஆகியவையும் 'டீச்சர்லா', 'நர்ஸ்லா', 'கண்டக்டர்லா' ஆகும். நம் நாட்டுத் தமிழில் 'அக்காமார்', 'டீச்சர்மார்' என்று 'மார்' சேர்ப்பதற்கு இது பெரும்பாலும் நேரானது. ஆயினும் 'லா' மற்றொரு கடமையும் ஆற்றுகிறது: ஒருவரையும் அவரைச் சார்ந்தவரையும் ஒருசேரக் குறிக்கிறது. ஆகவே 'அக்கலா கெதர' என்றால் அக்கா, அத்தான், பிள்ளைகள் எல்லாரும் வாழ்கிற அந்த வீடு. நாம் 'அக்கா வீட்டார்' என்கிறோமே, அப்பொருள். ஒருவருடைய பெயரோடும் 'லா' சேர்த்து அவர் குடும்பத்தைக் குறிப்பிடுவார்கள். பதவியும் கௌரவமும் உள்ளவர்களுக்கு 'வரு' உரியது: 'குருவரு' ஆசிரியர்கள், 'மந்திரிவரு' மக்கள் பிரதிநிதிகள். தங்கள் வகுப்பில் இவற்றைக் கற்பிக்கும்போது 'லா'வை அன்பின் விகுதியாகவும் 'வரு'வை மரியாதையின் விகுதியாகவும் அறிமுகம் செய்யலாம், மாணவர் மறக்கமாட்டார்கள்.

கேள்வி: 'வத்த' என்றால் தோட்டம், பன்மை 'வது' என்று படித்தேன். ஆனால் கந்தோரில் எல்லாரும் 'வதுவல' என்கிறார்கள். இரண்டில் எது பன்மை?
— தோட்ட இலிகிதர், யட்டியாந்தோட்டை

பதில்: 'வது'தான் பன்மை. 'வல' என்பது வேற்றுமை உருபு. உயிரற்ற பொருளின் பன்மையோடு சேர்ந்து 'தோட்டங்களில்', 'தோட்டங்களின்' என்று பொருள்படும். 'வதுவலட' தோட்டங்களுக்கு, 'வதுவலின்' தோட்டங்களிலிருந்து. இவ்வுருபைக் கேட்டுப் பழகிய பலர் 'வதுவல்' என்றொரு பன்மையைத் தாமே கற்பித்துக்கொள்கிறார்கள். அது வேண்டாத வேலை. 'வல்' என்பதையே மெய்யான பன்மை விகுதியாகக் கொள்கிற சொற்கள் தனியே சில உண்டு: 'ரட' தேசம், 'ரடவல்' தேசங்கள், 'பார' வீதி, 'பாரவல்' வீதிகள், 'தொர' கதவு, 'தொரவல்' கதவுகள், 'கெதர' வீடு, 'கெதரவல்' வீடுகள். இவற்றை மனனம் செய்துகொண்டு, ஏனையவற்றை விட்டுவிடும்.

'வத்த' இரட்டித்த தகரம், 'வது' ஒற்றைத் தகரம் என்பதை உமக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 'கந்த' மலை 'கந்து' மலைகளாவதும், 'அத்த' கிளை 'அது' கிளைகளாவதும் அவ்வகுப்பைச் சேர்ந்தவை.

கேள்வி: என் மகன் சிறு கைநூலொன்றிலிருந்து நூற்றுக்கணக்கான சிங்களச் சொற்களை ஒப்புவிக்கிறான். இருந்தும் நாலு வார்த்தை பேச அவனால் முடியவில்லை. ஏன்?
— தாயார், இரத்தினபுரி

பதில்: அம்மா, இந்தக் கேள்வியை எவரேனும் கேட்கமாட்டார்களா என்று நான் காத்திருந்தேன். தங்கள் மகனிடம் பிழையில்லை. அந்தக் கைநூலில் பிழை இருக்கிறது. நம்மிடையே அச்சாகிற சொற்பட்டியல்களுள் பல, ஒருமைச் சொற்களை மட்டும் வரிசையாக அடுக்கி, எதிரே தமிழ்ப்பொருள் எழுதி, பன்மையைப் பற்றி ஒரு வார்த்தையும் கூறாமல் முடிந்துவிடுகின்றன. தமிழுக்கு அம்முறை பொருந்தும், ஏனெனில் தமிழில் ஒருமை தெரிந்தவனுக்குப் பன்மை தெரிந்தே இருக்கும். சிங்களத்தை அம்முறையில் கற்பிப்பது, வீட்டைக் கூரையிலிருந்து கட்டத் தொடங்குவதற்கு நிகரானது.

வெறுஞ்சொல்லாகிய பன்மையை முதலில் கற்ற பிள்ளைக்கு மூன்று நன்மைகள் ஒருங்கே கிடைக்கின்றன. முதலாவது, ஒருமை அவனுக்குத் தானே வரும்: மெய்யில் முடிகிற 'பொத்' அகரம் பெற்றுப் 'பொத' ஆகும், இகரத்திலோ அகரத்திலோ முடிகிற 'கெடி', 'கொல' ஆகியவை 'ய' பெற்றுக் 'கெடிய', 'கொலய' ஆகும், அதாவது காய், இலை, உகரத்தில் முடிகிற 'புடு' என்னும் நாற்காலிகள் 'வ' பெற்றுப் 'புடுவ' என்னும் நாற்காலியாகும். மீறுபவை உண்டு, 'கஸ்' என்னும் மரங்களுக்கு ஒருமை பேச்சில் 'கஹ' என்று வருவதுபோல; ஆனால் ஒருமையிலிருந்து பன்மைக்குப் போகிறவன் படுகிற அவஸ்தையோடு ஒப்பிட்டால் இது சிறிது. இரண்டாவது, எண்ணுவதற்கு அவன் தயாராக இருக்கிறான், எண்ணுக்கு முன் வருவது பன்மையே ஆதலால். மூன்றாவது நன்மையே எனக்கு மிகவும் பிரியமானது: சிங்களத்தில் சொல்லோடு சொல் சேர்ந்து தொகையாகும்போது, முன்னே நிற்பது பெரும்பாலும் இந்த வெறுஞ்சொல்தான். 'பொத்' தெரிந்தவனுக்குப் 'பொத் கடே' என்னும் புத்தகக் கடை தெரியும். 'மல்' தெரிந்தவனுக்கு 'மல்வத்த' என்னும் ஊர்ப்பெயர் பூந்தோட்டமாக விரியும். ரம்புக்கனையிலிருந்து கொழும்புக்குப் போகிற கோச்சி நிற்கிற பொல்கஹவெலவில் தென்னையும் மரமும் வயலும் தனித்தனியே எழுந்து நிற்கும்.

நம்மவர் அறிய வேண்டிய தொகை ஒன்று உண்டு: 'வது கம்கருவோ'. தோட்டத் தொழிலாளர்கள் என்று பொருள். பத்திரிகையிலும் சம்பளப் பேச்சுவார்த்தையிலும் நம்மைக் குறித்து நாள்தோறும் வழங்குகிற பெயர் அது. 'வத்த' என்னும் ஒருமையை மாத்திரம் பாடம் பண்ணிய நம் பிள்ளை, வானொலியில் 'வது' என்று வருகையில் அது தன்னுடைய தகப்பனையும் தாயையும் பற்றிய செய்தி என்பதை அறியாமலே அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறான். அக்கைநூலைத் தயாரித்தவர்கள் இதைக் கருதிப் பார்த்தார்களா? ஒரு சொல்லுக்கு எதிரே இன்னொரு சொல்லை அச்சிட எவ்வளவு மை செலவாகிவிடும்? தங்கள் மகனிடம் ஒரு பென்சிலைக் கொடுத்து, அயலாரைக் கேட்டுக் கேட்டு, நூலின் ஒவ்வொரு சொல்லுக்கு முன்னாலும் பன்மையை எழுதச் சொல்லுங்கள். அந்த வேலை முடியும்போது அவன் பேசத் தொடங்கியிருப்பான்.

கேள்வி: அரச சேவையில் இருக்கிறேன், இரண்டாம் மொழித் தேர்ச்சிக்காகச் சிங்களம் படிக்கிறேன். பேச்சில் தெரிந்த பன்மை எழுத்துக்கும் போதுமா?
— அரச ஊழியர், பலாங்கொடை

பதில்: பெயரின் பன்மை பெரும்பாலும் போதும், வினைதான் போதாது. பேச்சில் மாறாமல் நிற்கிற வினை, எழுத்து நடையில் எழுவாயோடு இசைந்து மாறும்: 'மினிஸ்ஸு யதி' என்று மனிதர்களுக்குப் பன்மை வினை வரும். ஆனால் உயிரற்ற பொருள்கள் பலவாயினும் வினை ஒருமையிலேயே நிற்கும். 'மல் பிபே' என்பது பூக்கள் மலர்கின்றன என்று பொருள்படும். மேலும் செயப்படுபொருளாக வரும்போது 'மினிஸ்ஸு' என்பது 'மினிஸுன்' என்று திரியும். பரீட்சையில் பலர் தவறுகிற இடம் இதுவே.

2007ஆம் ஆண்டின் 07ஆம் இலக்கப் பொதுநிர்வாகச் சுற்றறிக்கைக்குப் பின் சேவையில் சேர்கிறவர்கள் மற்ற மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்றானது, தமிழருக்கு மட்டும் இட்ட சுமையன்று. சிங்கள உத்தியோகத்தர் தமிழ் கற்கவும் அதுவே காரணம். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் ஒரு மொழியை மட்டும் ஆசனத்தில் ஏற்றிய நாட்டில், 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென்று எழுதியது. தாங்கள் சிங்களம் கற்பதனால், தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறுவதற்குத் தோட்டத்து மக்களுக்குள்ள உரிமை குறைந்துவிடாது. ஒன்றை மற்றதற்கு விலையாகக் கொடுக்கும்படி யார் கேட்டாலும் இணங்காதீர்கள்.

கேள்வி: சிங்கள இலக்கணத்துக்கும் தமிழிலக்கணத்துக்கும் பழைய சம்பந்தம் ஏதேனும் உண்டா?
— கல்லூரி மாணவர், எஹலியகொடை

பதில்: உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த 'சிதத் சங்கராவ' என்னும் சிங்கள இலக்கண நூல், பதினோராம் நூற்றாண்டில் புத்தமித்திரர் தமிழில் இயற்றிய வீரசோழியத்தின் வழியைத் தழுவியது என்பது அறிஞர் பலரின் துணிபு. மொழியினம் வேறு; சிங்களம் பாலிக்கும் சமஸ்கிருதத்துக்கும் உறவு. இலக்கணத்தை வகுத்த முறையிலோ நம்முடைய வாசனை இருக்கிறது. இரண்டு நூல்களையும் அருகருகே வைத்துப் படிக்கிற இளைஞர் ஒருவர் நம்மிடையிலிருந்து எழுவாரானால் என் மனம் குளிரும்.

கேள்வி: பேத்தியை எழுதச் சொல்லி இக்கடிதம் அனுப்புகிறேன். கொழுந்து பறித்தே காலம் போயிற்று, பள்ளிக்கூடம் போகவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும்போது சொல்வது விளங்கவில்லை. இந்த வயதில் எனக்குச் சிங்களம் வருமா?
— ஒரு பாட்டி, தெரணியகலைத் தோட்டமொன்றிலிருந்து

பதில்: வரும், அம்மா; சந்தேகமே வேண்டாம். தங்களுக்குப் பரீட்சை இல்லை, எழுத வேண்டிய அவசியமும் இல்லை. பேச்சுச் சிங்களத்தில் வினைச்சொல் யாருக்காகவும் மாறுவதில்லை. நான் போகிறேன் 'மம யனவா', நாங்கள் போகிறோம் 'அபி யனவா', பிள்ளைகள் போகிறார்கள் 'லமயி யனவா'. ஒரே 'யனவா' எல்லாருக்கும் போதும். சந்தையில் தேங்காய் வாங்கக் கேட்டுப் பழகியிருப்பீர்கள்: 'பொல் கெடியக்' ஒரு தேங்காய், 'பொல் கெடி தெகக்' இரண்டு. அந்த வழக்கமே மருந்துக்கும்.

'பெஹெத்' என்றால் மருந்து. 'பெத்த' ஒரு குளிசை, 'பெதி' பல குளிசைகள். 'உதேட பெதி தெகக்' என்று தாதியார் சொன்னால் காலைக்கு இரண்டு குளிசை. 'ரேட பெத்தக்' என்றால் இரவுக்கு ஒன்று. சொல்லின் இறுதியில் 'அக்' மட்டும் கேட்டால் ஒன்று; 'தெகக்' கேட்டால் இரண்டு; 'துனக்' கேட்டால் மூன்று. இந்த மூன்றையும் பேத்தி நாளைக்குப் பத்துத் தடவை மாற்றி மாற்றிச் சொல்லட்டும். தாங்கள் விரலை நீட்டிக் காட்டுங்கள். அடுத்த கிளினிக் நாளில், மருந்தைக் கையில் வாங்கியவுடன் நகர்ந்துவிடாமல், 'உதேட பெதி தெகக்த?' என்று தாங்களே திருப்பிக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பின்னரே வெளியே வாருங்கள்.